சிரட்டை ஆமை, பன்னாடை முருகை: பிள்ளைகளோடு கடலைச் செய்வது

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் பதினைந்து பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறாராம். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை கலந்த கூட்டம். ஓகஸ்ட் விடுமுறையில் நான்கு வகுப்புகளைக் கடல் உயிர்களுக்கென்று ஒதுக்கி, கலப்பு ஊடகத்தில், அதாவது பல பொருட்களை ஒட்டியும் தீட்டியும், ஏதாவது செய்ய ஆசை. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் முருகைக்கல்லையும் (பவளப்பாறைத் துண்டு) ஒட்டலாமா? குறைந்த காசில் முடியுமா? போன தடவை யூடியூப் பார்த்துச் செய்ததில் பதினைந்து மீனும் ஒரே அச்சில் வார்த்தது போல வந்துவிட்டதே, அதை எப்படித் தவிர்ப்பது? இதுதான் கேள்வி.

முதலில் முருகைக்கல் விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். ஒரு துண்டுகூட வேண்டாம். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து உயிருள்ளதோ செத்ததோ, உடைந்த முருகைத் துண்டோ வெறும் சிப்பியோ, எதையும் எடுத்துவர அனுமதி இல்லை. பூங்காவுக்கு வெளியிலும் முருகைக்கல் அகழ்வது தடை. ஆமையும் அப்படித்தான். உலகத்தில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து நம் இலங்கைத் தீவின் கரைக்கு வருகின்றன. ஐந்துமே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. முட்டையையும் ஓட்டையும் வைத்திருப்பது கூடக் குற்றம். யாராவது வீட்டில் பழைய ஆமை ஓடு கிடக்கிறது, வகுப்புக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்டால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

சாதாரண வெறும் சிப்பிக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் நான் பிள்ளைகளைப் பொறுக்க அனுப்புவதில்லை. காரணம் இரண்டு. சந்நியாசி நண்டுக்கு அந்த வெறும் சங்குதான் வீடு. வளர வளர வீடு மாறவேண்டிய பிராணி அது. நாம் வாளி வாளியாக அள்ளினால் அது போத்தல் மூடிக்குள் குடியிருக்கவேண்டி வரும். உண்மையில் அப்படி இருப்பதைப் பார்த்தும் இருக்கிறேன். இரண்டாவது, கூம்புச் சங்கு. பார்க்க மிக அழகு, அதனால்தான் பிள்ளை கையை நீட்டும். உள்ளே உயிர் இருந்தால் அது குத்தும். அதில் சில வகைகளின் நஞ்சு ஆளைக் கொல்லக்கூடியது. எது வெறும் சங்கு, எது உயிருள்ளது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது.

இந்த மறுப்பு உங்கள் வகுப்புக்கு நட்டமே இல்லை என்பது என் அனுபவம். சிப்பியை ஒட்டிச் சிப்பி என்று காட்டுவதில் பிள்ளை என்ன செய்தது? பசை தடவியது, அவ்வளவுதான். சிப்பி இல்லாமல் சிப்பியைக் காட்டவேண்டி வந்தால்தான் அது யோசிக்கத் தொடங்கும்.

பதினைந்தும் ஒரே மீனாக வந்ததற்குப் பதிலும் இதற்குள்ளேதான் இருக்கிறது. யூடியூப் மீன் என்பது யாரோ ஒருவர் முன்பே முடித்துவிட்ட மீன். பிள்ளை அதைப் பிரதி பண்ணுகிறது. எனக்குத் தெரிந்தவரை கலப்பு ஊடகத்தில் ஒரே ஒரு விதிதான் உண்டு: எடுக்கும் பொருள் அந்த உயிரின் உடம்பைப் போல நடந்துகொள்ள வேண்டும். சொறி என்கிற ஜெலி மீன் தளதளவென்று இருக்கும், அப்படியானால் எது தளதளக்கும்? ஆமை ஓடு வளைந்து கடினமாக இருக்கும், அப்படியானால் வீட்டில் எது வளைந்து கடினமாக இருக்கிறது? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பதினைந்து பதில் வரும். நாலு பதில் உருப்படாது. மீதிப் பதினொன்று உங்களுக்கே தோன்றியிராது.

ஆனால் அதற்குப் பிள்ளை அந்த உயிரைப் பார்த்திருக்கவேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை. கடலுக்கு அரை மைல் தூரத்தில் வளரும் பிள்ளையிடம் மீன் வரையச் சொன்னால், செம்மஞ்சளில் வெள்ளைக் கோடு போட்டுச் சிரிக்கிற மீன் வரும். கார்ட்டூன் மீன். தினமும் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துத் தின்னும் சூரையை ஒருவரும் வரைய மாட்டார்கள். மீன் என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள், "நீலம் டீச்சர்" என்று ஒரே குரலில் வரும்.

அதனால் முதல் வகுப்பில் தூரிகையை எடுக்கவே வேண்டாம். மீனை எடுங்கள். காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்கு நான்கைந்து பெரிய பிள்ளைகளைப் பெற்றோரோடு கூட்டிப்போக முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் சந்தையில் மூன்று மீன் வாங்கி வாருங்கள். மேசையில் வாழையிலை போட்டு வைத்து, முகர்ந்து, தொட்டுப் பார்க்க விடுங்கள். செதிலை வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவினால் கரகரக்கும், தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும். செவுளைத் திறந்து பார்த்தால் உள்ளே சிவந்த சீப்பு. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளி. ஏன் என்று கேளுங்கள், யாருக்கும் தெரியாது. மேலேயிருந்து பார்க்கும் கடற்பறவைக்கு அந்தக் கறுத்த முதுகு ஆழத் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். கீழேயிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு அந்த வெள்ளி வயிறு வானத்து வெளிச்சத்தோடு கலந்துவிடும். இதைச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் மீன் முழுவதையும் ஒரே நிறத்தில் தீட்டாது. சொல்லிக்கொடுத்துத் திருத்தவேண்டிய அவசியமே வராது.

பிறகு அந்த மீனையே அச்சாக்கலாம். ஜப்பானில் 'கியோதக்கு' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குள்ள மீன்பிடிகாரர் தாங்கள் பிடித்த மீனின் அளவைப் பதிந்துவைக்கச் செய்த வேலை. கமரா இல்லாத காலத்தில் மீனில் மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தார்கள். பிள்ளைகளோடு செய்ய இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் இதில் 'எனக்கு வரையத் தெரியாது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் தடவை நான் செய்தபோது வந்தது மீன் அல்ல, கரிச்சட்டியின் அடிப்பாகம். இரண்டு பிழை விட்டிருந்தேன். மீனின் வழுவழுப்பைக் கழுவவில்லை, பெயின்றையும் அள்ளித் தடவிவிட்டேன்.

வழுவழுப்புப் போகவேண்டும். கல்லுப்பைப் போட்டு மெதுவாகத் தேய்த்து, தேசிக்காய்த் தண்ணீரில் கழுவி, பழைய துவாயால் ஒற்றி நன்றாகக் காயவையுங்கள். செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் கொஞ்சம் பஞ்சு திணியுங்கள், இல்லாவிட்டால் ஒற்றும்போது தண்ணீர் கசிந்து தாள் ஊறிவிடும். செட்டைகளை விரித்து அடியில் ஒரு களிமண் உருண்டை வைத்தால் அப்படியே நிற்கும். பெயின்றை மிக மெல்லிசாக, தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவுங்கள். செதிலின் விளிம்பு பெயின்றுக்குள்ளால் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கூடிப்போய்விட்டது, துடைத்துவிட்டுத் திரும்பத் தடவுங்கள். கண்ணில் தடவவேண்டாம். மேலே மெல்லிய தாளைப் போட்டு, ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றவர் விரல் நுனியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டு போகவேண்டும். தேய்க்கக்கூடாது. தாளை ஒரு முனையிலிருந்து மெதுவாக உரித்து எடுங்கள். அந்த நேரம் விறாந்தையில் வரும் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள்.

கண்ணைக் கடைசியில் பிள்ளை வரையட்டும். அந்த ஒரு கண்ணிலேயே பதினைந்து மீனும் பதினைந்தாகப் பிரிந்துவிடும்.

தாள் தடிப்பாக இருந்தால் செதில் பதியாது. பிறிஸ்டல் அட்டை சரிவராது, டிமைத் தாளும் பரவாயில்லை என்ற அளவுதான். வெசாக் கூட்டுக்கு ஒட்டும் மெல்லிய தாளில் வெள்ளை நிறம் வாங்கினால் அருமையாகப் பதியும். பழைய வேட்டித் துண்டு இன்னும் நல்லது. கிழியாது, தொங்கவிடவும் முடியும்.

எந்த மீன்? செதில் பெரிதாகவும் உடம்பு தட்டையாகவும் இருக்கவேண்டும். விளை மீன் நன்றாக வரும். சூரையில் செதில் மிகக் குறைவு, வெறும் நிழல்தான் விழும். உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும்விட நன்றாக வருவது கந்தளாய்க் குளத்துத் திலாப்பியா. கடல் வகுப்புக்குக் குளத்து மீனா என்று பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்விதான். அதற்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து என்ன வித்தியாசம் என்று அவர்களையே கேட்கலாம். ஓரா மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் முள் குத்தினால் பெரிய ஆட்களே துடித்துப்போவார்கள், செத்த மீனென்றாலும் முள் முள்தான்.

பெயின்றுக்குப் பதிலாக ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. கணவாய் வெட்டும்போது குசினியில் வீணாகப் போகிறதே கறுப்பு மை, அதை ஒரு யோகட் கப்பில் சேர்த்துவையுங்கள். மேல்நாட்டு ஓவியர்கள் 'செபியா' என்று சொல்லும் அந்தப் பழுப்பு மை கணவாயிலிருந்து எடுத்ததுதான், பெயரும் அந்தப் பிராணியின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான். அதே மையைத் தண்ணீரில் கொஞ்சம் கரைத்து மீனில் தடவி ஒற்றினால், கடலின் மையால் கடலின் மீன். வாடை வரும், மறைக்கமாட்டேன். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் குறையும். அன்றைக்கே எடுத்த மையாக இருக்கவேண்டும், பழையது தாங்க முடியாது.

அச்செடுத்த மீனைச் சமைக்கக் கொடுக்காதீர்கள். அத்தனை கை பட்டு, வெயிலில் கிடந்த மீன். நான் தென்னைக்கு அடியில் புதைத்துவிடுவேன். இன்னொன்று, மச்சம் சாப்பிடாத வீட்டுப் பிள்ளையும் விரதம் இருக்கும் பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம். முதல் நாளே பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்படியொரு பிள்ளைக்கு நான் பெரிய இலையைக் கொடுப்பேன். அரச இலையின் நரம்பில் பதிந்த மீனை ஒரு பிள்ளை செய்தாள், அந்த வருடம் அதைவிட நல்ல மீன் வேறு வரவில்லை.

இனிப் பொருட்கள். கடைக்குப் போகும் முன்பு வீட்டுக் கொல்லையைச் சுற்றிப் பாருங்கள். பன்னாடை இருக்கிறதல்லவா, தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி. அதைக் கழுவி வெட்டி விரித்தால், விசிறி விசிறியாக வளரும் ஒரு வகை முருகையின் அசல் சாயல். தும்பு உதிர்த்தால் சாதாளை, கடலில் வளரும் பாசி. சிரட்டை ஆமை முதுகு. முட்டைக் கோதைக் கழுவி உடைத்துச் சிரட்டையின் மேல் ஒட்டினால் ஓட்டின் கட்டங்கள் வந்துவிடும். இங்கே ஒரு நுட்பம்: அழுங்காமையின் ஓட்டில் அந்தத் தகடுகள் கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், பேராமைக்குப் பக்கம் பக்கமாகப் பொருந்தியிருக்கும். பால்மாப் பெட்டி அட்டையில் தகடு வெட்டி ஒட்டும்போது, 'உன் ஆமை எந்த ஆமை?' என்று கேளுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் அரை மணிநேரம் வாய் திறக்காமல் வேலை செய்வார்கள்.

சொறிக்கு மெல்லிய வண்ணத் தாளைக் கிழித்து, தண்ணீர் கலந்த பைண்டர் கம்மால் (வெள்ளைப் பசை) ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுவதுதான் நான் வழமையாகச் செய்தது. கத்தரிக்கோல் வேண்டாம், கிழித்த விளிம்புதான் தண்ணீருக்குள் இருப்பது போல மங்கும். சொறியின் உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர், மூளை இல்லை, எலும்பு இல்லை, இதயமும் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒட்டினால் கை தானாக மெதுவாகும். ஒருநாள் சல்லிக் கிராமத்துப் பக்கத்துப் பையன் ஒருவன், "டீச்சர், இதுக்கு ஷொப்பிங் பாக்தான் சரி. தண்ணிக்குள்ள ரெண்டும் ஒண்டுதான்" என்றான். கடலில் இறங்கித் தெரிந்துகொண்ட பேச்சு அது. ஆமைக்கும் இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் விழுங்கிவிட்டுச் சாகிறது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எல்லாருடைய சொறியும் ஷொப்பிங் பாக்கில்தான். கடல் மாசைப் பற்றி நான் தனியாகப் பாடம் எடுக்கவேண்டி வரவில்லை.

கரையில் ஒதுங்கும் வலைத் துண்டும் அப்படித்தான். நைலோன் வலையைத் தாளின் மேல் விரித்துப் பஞ்சால் வர்ணம் ஒற்றினால் செதில் மாதிரி அழகான கட்டம் விழும். பெரியவர் ஒருவர் தூண்டில் முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே பிள்ளை கையில் கொடுக்கவேண்டும். வேலை முடிந்தால் குப்பையில் போடுங்கள், திரும்பக் கடற்கரையில் விடவேண்டாம்.

கடற்கரையில் தயங்காமல் எடுக்கக்கூடிய ஒரு பொருள் உண்டு: கணவாய் ஓடு. வெள்ளையாக, ஓடம் மாதிரி, கரையில் மிதந்து வந்து கிடக்கும். ஆணி முனையால் கீறினால் வெண்ணெய் மாதிரிக் கீறுப்படும். அதில் மீன் வடிவம் செதுக்கி, மேலே மெல்லிய தாளை வைத்துப் பஸ்டலைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தால் உருவம் எழும்பும். தூள் பறக்கும், ஊதவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணவாய் நிறம் மாறும் கதையை அந்த நேரம் சொல்லலாம். அதன் தோலில் சின்னச் சின்ன நிறப் பைகள் இருக்கின்றன, சுற்றியுள்ள தசை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். ஊதாத பலூனில் பேனையால் புள்ளி வைத்து, பிறகு ஊதிக் காட்டுங்கள். புள்ளி பெரிதாவதைப் பார்த்ததும் விளங்கிவிடும், இரண்டாவது தடவை சொல்லவேண்டியதில்லை.

முருகைக்கு வருகிறேன். அது கல் அல்ல, பிராணி என்பதைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பெயரிலேயே கல் இருக்கிறதே. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கைகள், அவை கட்டிய வீடுதான் நாம் காணும் கல். அதனால் ஒரு பெரிய உருவமாக வெட்டி ஒட்டாமல், சின்ன விரல் அளவில் கடதாசியைச் சுருட்டி, நிமிர்த்தி, நெருக்கமாக நட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு இருபது சுருள் என்றாலும் பதினைந்து பேருக்கு முந்நூறு. ஒரே அட்டையில் எல்லாரும் ஒட்டினால் கடலடி முருகைப் பார் மாதிரியே வளரும், யாருடையது எது என்று தெரியாது, அதுதான் முருகையின் வாழ்க்கையும். நிறத்தை அதற்கு உள்ளே குடியிருக்கும் பாசிதான் கொடுக்கிறது. தண்ணீர் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் பாசி போய்விடும், முருகை வெளுத்துவிடும். எங்கள் அட்டையில் ஒரு மூலையை வெறும் வெள்ளைச் சுருளாக விட்டோம். யாரும் அதற்குப் பெயர் எழுதவில்லை. பார்க்க வந்த ஒரு அப்பா, "இதில வேலை முடியேல்லையோ?" என்று கேட்க, எட்டு வயதுக்காரி ஒருத்தி அவருக்கு விளக்கம் கொடுத்தாள்.

தண்ணீரை எப்படிச் செய்வது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். நீலத்தைப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். நம் ஊரிலேயே எத்தனை கடல்! துறைமுகத்துக்குள் கரும்பச்சை. புறாத்தீவுப் பக்கம் அடி தெரியும் கண்ணாடி. மாரியில் மகாவலி பெருகி வரும்போது கொட்டியாரக் குடா தேத்தண்ணீர் நிறம். பிள்ளை தன் மீன் எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்று முதலில் தீர்மானிக்கட்டும்.

அதற்கு இரண்டு வித்தை போதும். மெழுகுதிரியால் அலை கீறி, மேலே தண்ணீராகக் கரைத்த நீர்வர்ணத்தைப் பூசினால் மெழுகில் ஒட்டாமல் வெள்ளை நுரை நிற்கும். பஸ்டலாலும் செய்யலாம், மெழுகுதிரி மலிவு. மற்றது உப்பு. ஊருக்கே உப்புவெளி என்று பெயர், இதை விடலாமா? ஈரம் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே வர்ணத்தின் மேல் உப்பைத் தூவினால், உப்பு தண்ணீரையும் நிறத்தையும் தன் பக்கம் இழுக்கும். காய்ந்த பிறகு தட்டிவிட்டால் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குமிழிகள். கல்லுப்பு பெரிய பூவைப் போடும், தூள் உப்பு பொடிப் பூவை. தண்ணீர் குளமாகத் தேங்கி நின்றால் உப்பு கரைந்து ஒன்றும் வராது, காய்ந்துபோன பிறகு தூவினாலும் வராது. அந்த இடைநேரத்தைப் பிள்ளைகள் இரண்டு தடவையில் பிடித்துவிடுவார்கள், பெரியவர்களுக்குத்தான் நேரம் எடுக்கும்.

மண் ஒட்ட ஆசைப்படுவீர்கள், எல்லாரும் படுவார்கள். கடற்கரை மண்ணை அப்படியே ஒட்டவேண்டாம். அதில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், பசை இறுகாது, மாதக்கணக்கில் படம் கசகசவென்று இருக்கும், மண்ணும் உதிரும். கிணற்றுத் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி வெயிலில் காயப்போட்டு எடுங்கள்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. பைண்டர் கம் ஒரு போத்தல் வாங்கினால் பாரமான பொருட்களுக்குப் போதும். தாளுக்கு மாப்பசை போதும். ஒரு கோப்பை கோதுமை மாவுக்கு நாலு கோப்பை தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, கூழாகும் வரை மெல்லிய சூட்டில் கிண்டவேண்டும். ஒரு கரண்டி உப்புப் போட்டால் இன்னும் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். பழைய ஆட்கள் பூஞ்சணம் பிடிக்காமல் துருசு போடுவார்கள், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது கூடாது, நஞ்சு. சூட்டுப் பசைத் துப்பாக்கி வேண்டுமானால் உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். அரிசி, பருப்பு ஒட்டுவதில்லை என்று நான் ஒரு கொள்கை வைத்திருக்கிறேன். 2022 இல் பொருளாதார நெருக்கடியில் வரிசையில் நின்ற ஊரில் சோற்றைச் சுவரில் தொங்கவிட மனம் வரவில்லை.

ஓகஸ்ட் என்றபடியால் உங்களுக்குக் கச்சான் காற்றுக் காலம். வர்ணம் கால் மணிநேரத்தில் காயும், தாளும் கால் மணிநேரத்தில் பறக்கும். கல் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் செய்தால் இதற்கு நேர்மாறு, வாடைக் காற்றில் இரண்டு நாளானாலும் காயாது, மாப்பசை பூஞ்சணம் பிடிக்கும். திருகோணமலைக் கோட்டைப் பக்கம் வெளியில் வைத்துக் காயப்போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒருமுறை அங்கே புல்லில் பரப்பிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் மான் இரண்டு படத்தைத் தின்றுகொண்டிருந்தது. மாப்பசை வாசம்! படம் போன பிள்ளை அழவில்லை, தன் படத்தை மான் தின்றதென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஆறு வயதும் பன்னிரண்டும் ஒன்றாக இருப்பதை நீங்கள் பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே வேலையைக் கொடுத்தால்தான் அது பிரச்சினை. மீன் அச்சில் சின்னது தாளைப் பிடிக்கும், பெரியது ஒற்றும், பிறகு மாறும். முருகையில் சின்னது சுருட்டும், பெரியது எங்கே நடுவது என்று பார்க்கும். ஆமை ஓடு செய்யும் வேலையைச் சின்னதுகளிடம் கொடுக்கவேண்டாம், முட்டைக் கோதை நசுக்குவது மட்டும் அவர்கள் வேலை, அதைவிடச் சந்தோசமான வேலை உலகத்தில் இல்லை என்பது போல நசுக்குவார்கள்.

உங்கள் கையைப் பற்றியும் சொல்லவேண்டும். பிள்ளையின் தாளில் நீங்கள் ஒரு கோடும் போடவேண்டாம். காட்டவேண்டுமானால் வேறு தாளில் காட்டிவிட்டு அதைக் கிழித்துப் போடுங்கள். 'நல்லாயிருக்கு' என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு போனால் அந்தச் சொல் தேய்ந்துவிடும். 'இந்த மீன் எங்கே போகிறது?', 'இதைத் தொட்டால் எப்படி இருக்கும்?' என்று கேட்டால் பிள்ளை பதிலைத் தேடித் திரும்பத் தாளைப் பார்க்கும். பெற்றோருக்குப் போட்டியில் பரிசு எடுக்கிற படம்தான் வேண்டும், சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி. அவர்களோடு சண்டை பிடிக்கவேண்டாம். மீன் அச்சு ஒன்றை முதல் கிழமையே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மற்ற மூன்று கிழமையும் நிம்மதியாக இருக்கலாம்.

நாலாவது வகுப்பை விறாந்தையில் வைக்காமல் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். நீலத்திமிங்கிலம் நம் ஊர்க் கடலுக்கு வரும் பிராணி. திருகோணமலைக்கு முன்னால் கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்ட வரையில் வருகிறது, அதனால் ஆழ்கடல் உயிர் கரைக்குக் கிட்ட வருகிறது. கோணேசர் கோயில் மலையில் நின்று அது ஊதுவதைக் கண்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஈர மணலில் கயிறு பிடித்து, ஒரு திமிங்கிலத்தின் நீளமாக 24 மீற்றருக்குக் கோடு போடுங்கள். பிள்ளைகளை அந்தக் கோட்டில் தலையும் காலும் முட்டப் படுக்க வையுங்கள். பிள்ளைக்கு 1.2 மீற்றர் என்று வைத்தால் இருபது பேர் வேண்டும். உங்களிடம் பதினைந்து பேர்தான், மீதியை அம்மாமார் படுத்து நிரப்பட்டும்.

விறாந்தைக்குத் திரும்பியதும் டிமைத் தாள்களை ஒட்டி, ஆளுக்கொரு சதுரம் கொடுங்கள். திமிங்கிலத்தின் தோல் பெயரில் சொல்வது போல நீலம் அல்ல, சாம்பல் கலந்த நீலத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். அந்தத் திட்டு ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் வேறு. ஆராய்ச்சி செய்பவர்கள் அதைப் படமெடுத்து வைத்துத்தான் இது இன்ன திமிங்கிலம் என்று அடையாளம் காண்கிறார்கள். தும்பை உருண்டையாக்கிச் சாம்பல், நீலம், வெள்ளை மூன்றையும் ஒற்றச் சொல்லுங்கள். ஒருவர் சதுரத்தை ஒருவர் பார்த்துச் செய்ய முயன்றாலும் முடியாது, தும்பு விடாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டும்போது ஒரு சதுரம் மட்டும் கடும் சிவப்பாக இருந்தால் திருத்தவேண்டாம். எங்களுடையதில் ஒன்று அப்படித்தான் இருந்தது. திமிங்கிலம் சின்னச் சின்ன இறாலைத்தானே தின்கிறது, இது அதன் வயிறு என்றான் அதைச் செய்தவன்.

செலவு என்று பார்த்தால் மீன் மூன்று, பைண்டர் கம் ஒரு போத்தல், மெல்லிய தாள், கொஞ்சம் போஸ்டர் கலர், மெழுகுதிரி. மீதியெல்லாம் குசினியிலும் கொல்லையிலும் இருக்கிறது. முட்டைக் கோதையும் பால்மாப் பெட்டியையும் இன்றைக்கே சேர்க்கத் தொடங்குங்கள், பதினைந்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். கோதை நன்றாகக் கழுவி, உள்தோலை உரித்து அனுப்பச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது கிழமை உங்கள் விறாந்தையில் எறும்புதான் வகுப்பு நடத்தும்.